பார்த்திபனின் கருவளையம்

மதுராந்தகம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாளோ, காதுகுத்தோ, கண்ணீர் அஞ்சலியோ, எந்த முகத்தையும் பளிச்சென்று ஆக்கித் தருவேன். யாரும் கேட்காமலே செய்வேன். அதுதான் என் கெட்ட புத்தி.

இரண்டு வருடம் முன்பு என் நண்பன் பார்த்திபனுக்கு அறுபதாம் கல்யாணம். லாரி வைத்திருந்தவன். பெரிய தொப்பை, வீட்டையே எழுப்பும் குறட்டை, கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் கருவளையம். பேனர் படத்தில் அதைச் சுத்தமாக அழித்துவிட்டேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு யாராவது, "கண்ணு ஏன் இப்டி கீது? சக்கரை பாத்தியா?" என்று கேட்டால் போனில் அந்தப் படத்தைக் காட்டுவான்.

"வெயில்ல அப்டித் தெரியுது மச்சான். இத்த பாரு, ஜம்முனு கீறேன்."

நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன், பாவி.

போன வாரம் மாரடைப்பில் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சர்க்கரை பார்த்தார்களாம். நானூறுக்கு மேல்.

அஞ்சலி பேனருக்கும் அதே படத்தை எடுத்து வைத்தேன். அவன் மனைவி பூங்கொடி கடைக்கு வந்து திரையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, யாரோ மாதிரி கீது? எனக்கு அவரு மூஞ்சிதான் வோணும். அந்தக் கருப்போட போடு."

அசல் படத்தை எப்போதோ அழித்துவிட்டேன். போனில் இருந்த மற்ற படங்கள் பெரிதாக்கினால் உடைந்தன. வரைந்து பார்த்தேன். கூத்துக்கு மை தீட்டியதுபோல் வந்தது. நாளைக்கு வரச் சொல்லி அவளை அனுப்பினேன்.

வேறு வழி தோன்றாமல் கேமராவை என் முகத்துக்கே திருப்பினேன். எனக்கும் ஐம்பத்தொன்பது ஆகிறது. என் கண்ணுக்குக் கீழே இருந்ததை வெட்டி அவன் முகத்தில் ஒட்டினேன். அளவு மாற்றவில்லை, நிறம் மாற்றவில்லை. அப்படியே உட்கார்ந்தது. கீழே 'மறைவு' என்று நானே அடித்த தேதி.

மறுநாள் பூங்கொடி திரையைத் தொட்டுப் பார்த்து அழுதாள். "இதான்ணா எங்க வூட்டுக்காரரு."

அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு லேப்புக்குப் போனேன். ஊசியோடு வந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணுக்குக் கீழ இவ்ளோ கருப்பா கீதே, எத்தினி நாளா சார்?"

'அது என்னுது இல்லம்மா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.