ஒனோரின் கேட்ட அனுமதி

ஒனோரின் பழுப்பு நிற உடையில் வந்தாள். அதுவே முதல் குற்றமாகிவிட்டது. நீதிபதியின் அறையில் உட்கார்ந்திருந்த ஆறு ஆண்களும் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாவாடையைப் பார்த்தார்கள். புருஷன் செத்து இரண்டு வருஷம் தாண்டியாகிவிட்டது. இனித் துக்கக் கறுப்பைக் கழற்றலாம் என்று ஊர் வழக்கமே சொல்கிறது. ஆனால் வழக்கம் சொல்வது ஒன்று, புருஷன் வீட்டார் எதிர்பார்ப்பது வேறொன்று. எங்கள் சேன்-ஓப்ரி ஊரில் ஒரு விதவை நல்லவள் என்று பெயரெடுக்க வேண்டுமானால் சாகிறவரைக்கும் கறுப்பிலேயே கிடக்க வேண்டும். செத்த பிறகு எல்லோரும் வாய் நிறைய மெச்சுவார்கள்.

அவள் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். மாப்பிள்ளை ஆன்செல்ம், பாலத்தடியில் வண்டிச் சக்கரம் செய்கிறவன். அவனைக் கட்டிக்கொள்ள அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் தான் பெற்ற ஏழு வயது ஸெலியைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளக் கேட்டாக வேண்டும். நாட்டுச் சட்டம் அப்படி. விதவைத் தாய் மறுமணம் செய்யுமுன் குடும்ப சபையைக் கூட்ட வேண்டும். தகப்பன் வழியில் மூன்று ஆண்கள், தாய் வழியில் மூன்று ஆண்கள், நடுவில் நீதிபதி. அவர்கள் கை தூக்கினால் பிள்ளைக்கு அவள் பொறுப்பு. தூக்காவிட்டால் பிள்ளையும் போச்சு, அப்பன் பிள்ளைக்கு விட்டுப்போன ஆப்பிள் தோப்பும் போச்சு. பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்தச் சபையில் ஓட்டு கிடையாது. என்ன நியாயமோ, போங்கள்.

தோப்பின் மேல் கண் வைத்திருந்தவர் புருஷனின் அண்ணன் தியோடூல் மொபேர். தோல் பதனிடும் பட்டறைக்காரர், நகரசபை உறுப்பினர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வரிசை. தகப்பன் வழியில் அவரும், அவர் சொன்னால் தலையாட்டும் பங்காளிகள் இருவரும். ஒனோரின் பக்கத்தில் ஆண் உறவு இரண்டே பேர்தான்: காது மந்தமான தாய்மாமன் ப்ராஸ்பேர், அப்புறம் சித்தப்பா மகன் ஒருவன். உறவு குறைந்தால் நண்பர் ஒருவரை நீதிபதி அழைக்கலாம். தியோடூல் முந்திக்கொண்டு, ஊரில் பத்திரம் எழுதும் நோட்டரி பெஸ்கேயின் பெயரைச் சொன்னார். பெஸ்கேயின் மகனுக்குத்தான் தன் மூத்த பெண்ணைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார். தன் வீட்டுப் பெண்களை எப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்று சம்பந்தி கண்ணாலேயே பார்க்கட்டும் என்று மனுஷனுக்கு ஆசை. அங்கேதான் கோட்டைவிட்டார்.

நீதிபதி தொண்டையைக் கனைத்ததும் தியோடூல் எழுந்தார்.

"இவளை யாரும் வேணாம்னு சொல்லலை. தம்பி பொண்டாட்டி, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. ஆனா ஒரு சக்கரக்காரன் வீட்டுல, அவன் கூலியாளுங்க வாய்க்கு வந்தபடி பேசுற இடத்துல, எங்க ரத்தம் வளரணுமா? ஸெலி ரூவான் நகரத்துக் கன்னியர் மடத்துல படிக்கட்டும். தோப்பை நான் பார்த்துக்கறேன். இவ இஷ்டம்போலக் கட்டிக்கிட்டுப் போகட்டும்."

"இல்லேன்னா?" என்றாள் ஒனோரின்.

"இல்லேன்னா கட்டிக்காம இரு. பிள்ளை உன்கிட்டயே இருக்கும். எத்தனை பொம்பளைங்க இருக்கலை? எங்கம்மா இருக்கலையா, முப்பது வருஷம்?"

"இருந்தாங்க. அந்த முப்பது வருஷமும் வீட்டுல ஒருத்தரையும் நிம்மதியா இருக்க விட்டதில்ல."

காது மந்தமான ப்ராஸ்பேருக்கு இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

ஒனோரின் கணக்குப் போட்டாள். நோட்டரி சம்பந்தி பக்கம்தான் சாய்வார். நாலு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். கெஞ்சுவதற்கென்று தணிவான வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். காலையில் ஸெலிக்குத் தலை பின்னிவிடும்போது அழுகைகூட முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அது வரவில்லை. கட்டிக்காம இருக்கணுமாம். கோபம்தான் வந்தது.

"சரி பெரியத்தான். கட்டிக்கலை."

தியோடூல் நோட்டரியைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"கட்டிக்கலை. ஆனா நாளையிலேருந்து ஆன்செல்ம் என் வீட்டுலதான் இருப்பார். என் மேஜையில சாப்பிடுவார், என் கட்டில்ல படுப்பார். புதன்கிழமை சந்தைக்குக் கைகோத்துக்கிட்டு வருவோம். ஞாயித்துக்கிழமை பூசைக்கும் வருவோம், உங்களுக்கு நேர் பின்னாடி உக்காருவோம். கல்யாணம் பண்ணினாத்தானே இந்தச் சபை? பண்ணலைன்னா எதுக்கு?"

"வெக்கங்கெட்டவ," என்றார் தியோடூல்.

"ஐயா, நான் சொன்னது சட்டப்படி தப்பா?" என்று அவள் நீதிபதியைக் கேட்டாள்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடத்தை சரியில்லைன்னு காட்டி உங்களைப் பொறுப்பிலேருந்து நீக்கலாம், அம்மா."

"நான் ஒத்துக்கலைன்னா?"

"பெரிய கோர்ட்டுக்குப் போகும்."

"அங்க கதவைத் திறந்து வச்சுத்தானே விசாரிப்பாங்க?"

"ஆமா. திறந்துதான்."

"அப்ப போவோம். மொபேர் வீட்டு மருமக சக்கரக்காரனோட குடித்தனம்னு பேப்பர்ல வரட்டும். ஏன் கட்டிக்கலைன்னு கேப்பாங்க. எனக்கு ஆசைதான், தோப்புக்காகப் பெரியத்தான்தான் விடலைன்னு சொல்றேன்." பிறகு நோட்டரி பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க வீட்டுக் கல்யாணம் வசந்த காலத்துலதானே? வழக்கும் அப்பத்தான் நடக்கும். சம்பந்தி வீட்டுப் பெருமை ஊரெல்லாம் தெரிஞ்சுடும்."

பெஸ்கேயின் முகத்தில் ஈயாடவில்லை. "மொபேர், இப்படி ஒரு விவகாரம் இருக்குன்னு நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நான் என்ன கண்டேன்? இவ சும்மா மிரட்டுறா."

"மிரட்டுறாங்களோ செய்யறாங்களோ, என் வீட்டுக்காரி காதுல விழுந்தா நிச்சயத்தையே முறிச்சுடுவா. பேசாம கல்யாணத்தைப் பண்ணி வைங்க. கல்யாணம்னா ஊர் ரெண்டு நாள் பேசும், அப்புறம் மறந்துடும்."

அவர்தான் முதலில் கை தூக்கினார். தாய்மாமனும் சித்தப்பா மகனும் தூக்கினார்கள். பங்காளிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். கடைசியாகத் தியோடூலின் கை மேஜைக்குக் கொஞ்சம் மேலே வந்து போனது. ஸெலிக்குத் தாயே பொறுப்பு, புதுப் புருஷன் துணைப் பொறுப்பு என்று நீதிபதியின் குமாஸ்தா எழுதி முடித்தார். ஒனோரின் கையெழுத்துப் போட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வெளியே நடையில் கையில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள் ஒதீல். தியோடூலின் மூத்த பெண், நோட்டரி வீட்டுக்குப் போகவிருக்கிறவள். அப்பாவுக்குக் குடை கொண்டுவந்தவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஜெயிச்சுட்டீங்க, சித்தி."

"ஜெயிச்சுட்டேன்டி," என்று கட்டிக்கொள்ளப் போனாள் ஒனோரின். ஒதீல் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"எதை வச்சு ஜெயிச்சீங்க? என்னை வச்சு. அப்பா தோலைப் போட்டு பேரம் பேசற மாதிரி என் கல்யாணத்தை மேஜையில போட்டீங்க. நீங்க இன்னும் கொஞ்சம் அடம்பிடிச்சிருந்தா அந்த நிச்சயம் முறிஞ்சே போயிருக்கும். முறியணும், முறியணும்னு நான் இங்க நின்னு மாதாவை வேண்டிக்கிட்டிருந்தேன். நீங்க உங்களுக்கு வேணுங்கறது கிடைச்சதும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டீங்க."

ஒனோரினுக்குச் சுருக்கென்றது. உள்ளே ஆறு பேரும் தன் மனசைக் கேட்கவில்லையே என்று கொதித்தவள், தானும் இந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"பையன் கெட்டவனா?"

"கெட்டவனெல்லாம் இல்ல. எனக்குப் பிடிக்கலை. அது போதாதா?"

"போதும்," என்றாள் ஒனோரின். "உனக்கு இருபத்தொண்ணு முடிஞ்சுதா?"

"தவக்கால நோன்புக்கு முன்னாடியே."

"அப்ப உன்னை யாரும் இழுத்துட்டுப் போக முடியாது. என் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கு."

"அப்பா உங்களைச் சும்மா விடமாட்டார் சித்தி. திரும்பவும் ஸெலியைக் கேட்டு இங்க இழுப்பார்."

அது ஒனோரினுக்கும் தெரியும். "இழுக்கட்டும். இன்னொரு தடவை பேசறேன்," என்றாள்.

கதவு திறந்தது. தியோடூலும் நோட்டரியும் வெளியே வந்தார்கள். ஒனோரினைப் பார்க்காமலே தியோடூல் மகளிடம் கையை நீட்டினார்.

"குடையைக் கொடு. வீட்டுக்கு நட."

ஒதீல் குடையைக் கொடுத்தாள். குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது, ஆனாலும் வந்தது.

"நான் சித்தி வீட்டுக்குப் போறேன், அப்பா. நோட்டரி ஐயா, உங்க பையன்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு இஷ்டமில்ல."

பதிலுக்கு ஒனோரினும் ஒதீலும் காத்திருக்கவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சந்தைக் கூரையின் கீழே ஒதுங்கியிருந்த ஊர்ஜனம் முழுக்க இந்தப் பக்கமே பார்த்தது. சந்தைச் சதுக்கத்தில் பாதி தூரம் தாண்டியதும் ஒதீல் நடையை எட்டிப்போட்டாள்.

"எல்லாரும் பார்க்கறாங்க, சித்தி."

ஒனோரின் அவள் கையைத் தன் கையோடு இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"அப்ப மெதுவா நட. நல்லாப் பார்க்கட்டும்."