அடைத்தும் வந்தது

தனுஷ்கோடி தாயக்கட்டைகளை இரண்டு கைக்குள்ளும் பொத்தி உருட்டி மேசையில் விட்டபோது, பரிபூரணம் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து விழுந்தது. பேய் சமையல்கட்டைத் தாண்டி நடைக்கு வந்துவிட்டது. பேய் என்பது கல்லூரி ஆய்வகத்தில் கெட்டுப்போன வோல்ட்மீட்டரிலிருந்து கழற்றிய ஒரு பித்தளைத் திருகு. வீடு என்பது பழைய மாதக் காலண்டரின் முதுகில் அவளே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த அறைகள். எந்த அறையில் என்ன நடக்கும் என்பதைத் துண்டு அட்டைகளில் எழுதிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அட்டையை எடுத்து அவள் வாசிக்கும் குரலில்தான் விளையாட்டே இருந்தது.

"பேய்க்கு வாரண்டு குடுத்துப் பாப்பமா மேடம்?" என்றான் தனுஷ்கோடி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாசலில் நின்று பேர் கூப்பிடும் டவாலி அவன். மெதுவாகப் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். "மூணு தடவ கூப்புட்டும் வரலன்னா எக்ஸ்பார்ட்டி. கேசு முடிஞ்சிரும்."

"கூப்புட்டா வந்துரும், அதான் பயம்," என்றாள் அவன் மனைவி வேலுத்தாய். அவள் பரிபூரணம் வேலை பார்க்கும் மகளிர் கல்லூரியில் நூலக எழுத்தர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனையும் கூட்டிக்கொண்டு விளையாட வருவாள். அன்று அவள் முகம் வெளிறி இருந்தது. நெற்றிப்பொட்டில் விக்ஸ் தடவியிருந்தாள்.

வேலுத்தாய் தன் முறைக்கு உருட்டவில்லை. கையிலிருந்த அடைப்பு அட்டையை மேசையில் வைத்தாள். பேய் வந்து சேருவதற்குள் ஓர் அறையின் கதவு, ஜன்னல், ஓட்டை ஒன்றுவிடாமல் அடைத்துவிட்டால் அது உள்ளே நுழைய முடியாது. பரிபூரணம் போட்ட விதி அது. திருகு நடையிலேயே நின்றது. அன்றைய ஆட்டம் வேலுத்தாய்க்கு.

பரிபூரணம் பௌதிகப் பேராசிரியை. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குறிப்பிட்ட வேகத்தில் போகும்போது மட்டும் பஸ் கண்ணாடி ஏன் தடதடக்கிறது, காய்ந்த தோசைக்கல்லில் விழுந்த தண்ணீர்த் துளி ஏன் ஆவியாகாமல் ஓடித் திரிகிறது என்றுதான் அவள் வகுப்பு தொடங்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாக்களிடம் சொல்லுவார்கள். எதைக் கண்டாலும் அதன் காரணம் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வாடகைப் புத்தகக் கடையில் வரும் திகில் நாவல்கள் ஒன்றையும் அவள் விட்டதில்லை. சபையில் ஊழியம் செய்யும் அண்ணன் ஒருமுறை அந்தப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, அவளுக்காக முழங்காலிட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அவளுக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களுக்குள் போய்விட்டால் எதற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு விடுமுறை. முதுகுத்தண்டில் ஏறும் அந்தக் குளிர்ச்சிக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

அந்த எண்பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அவளுக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. வேலுத்தாய் சொல்வதே போதுமாக இருந்தது. அன்றும் ஆட்டம் முடிந்ததும் ஆரம்பித்தாள்.

"நடையில யாரோ நடக்காக அக்கா. எந்திரிச்சுப் பாப்போம்னா கை காலு வரல. நெஞ்சு மேல ஆளு உக்காந்த கணக்கா இருக்கு. விடிஞ்சு கதவத் தொறந்து வெளிய வந்தா செத்த நேரத்துல தெளிஞ்சிருது. இவியளும் பாத்தாக, கேளுங்க."

தனுஷ்கோடி சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினான். "சுவத்தோரமா ஒரு பொம்பள நிக்க மாதிரி இருந்துச்சு மேடம். பேரு கூப்புடலாம்னா வாயி வரல."

"அப்புறம்?" என்றாள் பரிபூரணம்.

"அப்புறம் கிளி செத்துப்போச்சு," என்றாள் வேலுத்தாய். "காலையில பாத்தா கூண்டுக்குள்ள வெறச்சுக் கெடக்கு. சாயந்தரம்கூட கொய்யாப்பழம் தின்னுச்சுக்கா."

பரிபூரணத்தின் கை மயிர் சிலிர்த்தது. எம்புட்டு நல்லா இருக்கு என்றுதான் முதலில் தோன்றியது. அவர்கள் பஸ் ஏறியதும் உட்கார்ந்து புது அட்டை ஒன்று எழுதினாள்: கூண்டில் கிளி இறந்து கிடக்கிறது, பேய் இரண்டு அறை முன்னே வரலாம். எழுத்து அழகாக வந்திருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் வந்தது. ஆய்வக உதவியாளர் ஐயாதுரைதான் வகுப்பு வாசலில் வந்து நின்று அவளை வெளியே கூப்பிட்டார்.

"வேலுத்தாய் வீட்டுக்காரர் தவறிட்டாராம் மேடம். அந்தப் பிள்ள ஆஸ்பத்திரியில இருக்காம். புழச்சிரும்னு சொன்னாக."

இருவரும் பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் மழை. மேற்கே மலை தெரியவே இல்லை. வேலுத்தாயின் வீடு தேர் ஓடும் தெருவுக்குப் பின்னால், பால்பாண்டியின் பால்கோவா அடுப்படியை ஒட்டி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் விரிசல் விட்ட ஒரே சுவர். பாலும் புகையும் கலந்த வாசனை எப்போதும் அந்த வீட்டில் இருக்கும். வந்தவர்களுக்குத்தான் தெரியும், இருப்பவர்களுக்குத் தெரியாது.

தனுஷ்கோடியை நடுவில் கிடத்தியிருந்தார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று அண்ணன் தம்பிகள் சொல்லிவிட்டார்கள். தலைமாட்டில் இருந்த அக்காள் வெள்ளைத்தாய் அழுகைக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"செத்தவன் முகமா இது? பாருங்கம்மா. வெத்தல போட்ட மாதிரி ஒதடு செவந்திருக்கு. என் தம்பி வெத்தலையத் தொட்டதே கெடயாது. சிரிச்ச முகமாக் கூட்டிட்டுப் போயிருக்கா சுவத்தோரம் நின்ன பாவி."

பரிபூரணம் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் சின்னப் பிள்ளைக்குப் போல் ரோஸ் நிறத்தில் இருந்தன.

பார்த்த கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தலைவலி, கை கால் வராதது, சுவரோரம் நின்ற பெண், கதவைத் திறந்ததும் வந்த தெளிவு, கிளி. காற்றில்லாமல் கனியும் கங்கு விடுகிற வாயு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஏறி உயிர்க்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தை அப்படிச் சிவப்பாக்கிவிடும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இதை அவளே சொல்லியிருக்கிறாள். சுரங்கத்தில் கூண்டுப் பறவையை எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மேசைக்கே வந்து அந்தப் பறவை செத்தது.

மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். தெருப்பக்கச் சுவர் உச்சியில் வெண்டிலேட்டர். அதில் ஊதா நிறப் பழம்புடவையைச் சுருட்டிச் சுருட்டி, சந்து தெரியாமல் திணித்திருந்தது.

பக்கத்து அடுப்படியில் பால்பாண்டி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தான். புகைக்கூண்டின் வாயில் ஒரு தகரம் கவிழ்த்திருந்தது.

"மழ உள்ள எறங்குதேன்னு மூடுனேன் மேடம். பகல்ல தள்ளி விட்டுக்கிருவேன். ராத்திரி கங்கு மேல சாம்பலப் போட்டுட்டு, இதையும் மூடிட்டுக் கதவச் சாத்திட்டுப் போவேன். விடியக்காலம் பால் வரையில ஊத வேண்டியதில்லல்லா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாந்தான் மொதல்ல பாத்தேன். அந்தப் பிள்ள பின்வாசல்ல துவைகல்லுப் பக்கம் மழையில நனஞ்சு கெடந்துச்சு. வாந்திக்கு எந்திரிச்சு வந்திருக்கும் போல, கதவச் சாத்திட்டு வந்திருக்கு. தள்ளுனா கதவு வரல. அவருதான் உள்ள குறுக்க கெடந்தாரு. பாயில இருந்து கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்காரு மேடம், முழங்கை தோலெல்லாம் சிராச்சிருந்துச்சு. தூக்கிப் பாயில போட்டுட்டுத்தான் ஆளக் கூப்புட்டேன். சொன்னா, பேய் இழுத்துட்டு வந்துச்சும்பாக."

"யாருக்கும் தெரியாதா?"

"ஒங்களுக்குத்தான் சொல்லுதேன்."

தகரத்தை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஏணியைச் சாத்தி ஏறினான்.

வேலுத்தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பரிபூரணம் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். இரண்டு தடவையும் சொல்ல நினைத்தாள். தகரத்தை மட்டும் சொல்லலாம் என்று வழியெல்லாம் வாக்கியம் கூட்டுவாள். ஆனால் அந்தக் கணக்கு அப்படி நிற்காது. எத்தனையோ மழைக்காலம் அந்தத் தகரம் அங்கே இருந்திருக்கிறது. இந்த வருஷம் மழையில் அந்தச் சுவர் விரிசல் கூடி வாயு இந்தப் பக்கம் கசிந்திருக்கலாம், தலைவலி வந்திருக்கலாம், கிளி சாகலாம். மனிதன் சாக, உள்ளே வந்தது வெளியே போகும் வழியும் அடைபட வேண்டும். நூலகத்தில் அத்தனை புத்தகத்தையும் புரட்டுகிற வேலுத்தாய்க்கு மீதியைக் கூட்டிக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகாது.

வேலுத்தாயே ஒருநாள் ஆரம்பித்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரி அடச்சுத்தான் வச்சேன் அக்கா. புதன்கிழம சாயந்தரம் ஸ்டூல் போட்டு ஏறுனேன். இவிய சிரிச்சாக. ஒங்க மேடத்துக்கிட்ட சொல்லி அடுத்த வாரம் எனக்கும் ஒரு அட்ட வாங்கிக் குடுன்னாக. ஒரு சந்து விடாம அடச்சேன். அடச்சும் வந்துருச்சே."

பரிபூரணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் ஐயாதுரை செய்தி கொண்டுவந்தார். வேலுத்தாய் மேல்தான் அது இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தோறும் ராஜபாளையத்தில் போய்ப் பேய் விளையாட்டு விளையாடிக் கூட்டிவந்துவிட்டாள் என்று வெள்ளைத்தாய் சொல்லிவிட்டாளாம். தேவதானத்துக் கோடாங்கியை வரவழைத்திருக்கிறார்களாம். அன்றைக்குப் பகல்தான் பேயோட்டு.

பரிபூரணம் வகுப்பை விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது வேலுத்தாயைத் தலைவிரி கோலமாக முற்றத்தில் உட்கார வைத்திருந்தார்கள். தோளில் இரண்டு அடி விழுந்திருந்தது. கோடாங்கி வயதானவர். வேப்பங்குழையைக் கீழே வைத்துவிட்டுப் பிரம்பை எடுத்துக்கொண்டு, "யாரு நீ? பேரச் சொல்லு," என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடி வேலுத்தாய்க்கு வலித்ததாகவே தெரியவில்லை. எங்கோ ஒரு பதிலுக்காக அவளும் காத்திருப்பதுபோல இருந்தாள்.

"நிறுத்துங்க," என்றாள் பரிபூரணம். "பேயுமில்ல ஒண்ணுமில்ல. கங்குல இருந்து வந்த விஷவாயு."

வகுப்பில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அடுப்பைச் சொன்னாள், தகரத்தைச் சொன்னாள், சுவர் விரிசலைச் சொன்னாள். சிவந்த உதட்டுக்குக் காரணம் சொன்னாள். முற்றம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளைத்தாய் எழுந்து வந்தாள். "அந்த அடுப்பு எம்புட்டு வருசமா எரியுது. இம்புட்டு நாளும் சாகாதவன் இப்ப எப்படிச் செத்தான்? சொல்லுங்க. படிச்சவகதான."

பதில் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் அடி தொடர்ந்திருக்கும். பரிபூரணம் வேலுத்தாயைப் பார்க்காமல் பேசினாள்.

"மேல இருக்க ஓட்டைய அடச்சதுனால. அடைக்கச் சொன்னது நான். என் விளையாட்டு அது. அவ மேல தப்பில்ல."

கோடாங்கிக்குத்தான் முதலில் விளங்கியது. பிரம்பைத் துணிப்பைக்குள் வைத்தார். உடுக்கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இது எங்கிட்ட வர வேண்டிய சங்கதி இல்லம்மா," என்று வெள்ளைத்தாயிடம் சொல்லிவிட்டு, தட்டிலிருந்த தட்சணையைத் தொடாமல் வெளியே நடந்தார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் பரிபூரணத்தைத் திட்டவில்லை. எல்லோரும் வேலுத்தாயைத்தான் பார்த்துக்கொண்டு போனார்கள். முன்பு பயந்து பார்த்தார்கள், இப்போது வேறு மாதிரி.

வேலுத்தாய் தலையை அள்ளி முடிந்தாள். முடிந்த கை பிடரியிலேயே நின்றது.

"நானா அக்கா?" என்றாள்.

"இல்ல வேலு. நான்."

"ஸ்டூல்ல ஏறுனது நாந்தான." அவள் குரல் பிசிறில்லாமல் இருந்தது. நூலகத்தில் புத்தகம் இல்லை என்று சொல்கிற அதே குரல். "பேயாவே விட்டுருக்கலாம் நீங்க. அடிச்சிட்டுப் போயிருப்பாக. காயம் ஆறியிருக்கும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவு உடனே மறுபடி திறந்தது. அகலத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பரிபூரணம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. சாலையிலிருந்து ஆவி எழுந்தது. ஏன் எழுகிறது என்று மனம் பாட்டுக்குச் சொல்லத் தொடங்கியதும் அவளுக்கு அந்த மனத்தின் மேலேயே அருவருப்பு வந்தது. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளைத்தாய். செருப்பில்லாமல் பின்னாலேயே வந்திருக்கிறாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று பரிபூரணம் நினைத்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். அவள் மடியில் கிடந்த கையை வெள்ளைத்தாய் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கேன். கோடாங்கிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒங்களுக்குத்தான் தெரியும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "என் தம்பிக்கு வலிச்சிருக்குமா? முழிப்பு வந்திருக்குமா அவனுக்கு?"

ராஜபாளையம் பஸ் கோர்ட்டு முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. பால்பாண்டி சொன்ன முழங்கைச் சிராய்ப்பு பரிபூரணத்தின் நினைவில் வந்தது.

"இல்லம்மா," என்றாள் பரிபூரணம். "தூக்கம்தான். தூக்கத்துலயே போயிட்டாக."

"முழிக்கல?"

"முழிக்கல."

வெள்ளைத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி ஊர்ப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அவர்களைப் பார்த்து, "வாரீகளாம்மா?" என்றார். இருவரும் அசையவில்லை. விசில் கொடுத்ததும் பஸ் போயிற்று. வெள்ளைத்தாயின் பிடி இறுகிக்கொண்டே இருந்தது, அவள் விரல்கள் இரத்தமற்று வெளுத்துப்போகும் வரை. பரிபூரணம் கையை உருவிக்கொள்ளவில்லை.