கேட்டால்தான் கொடி

"கேட்டா மட்டும் வாயத் திற, தறிக்காரா!" இங்கிலாந்தில் லங்காஷயரின் ரேவன்ஷா கால்பந்துக் கழகத்துத் தலைவன் பெரிக்ரின், மில் முதலாளி மகன், ஊர் முன்னால் அதட்டினான். அந்த மில்லில் தறி ஓட்டும் எனோக், அணியின் நடுவர், பல்லைக் கடித்துக்கொண்டான். 1882இல் ஒவ்வோர் அணியும் தன் நடுவரோடு வரும். ஆட்டக்காரர் முறையிட்டால்தான் அவர் கொடி தூக்கலாம்.

கோப்பை ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரன் பந்தைக் கையால் தட்டி கோலுக்குள் தள்ளினான். எனோக் பார்த்தான். பெரிக்ரினோ தன் கோல்காப்பாளனை வைதுகொண்டிருந்தான்: "தண்டச்சோறு! கண்ணு பொடனியிலயா இருக்கு?" யாரும் முறையிடவில்லை. கோப்பை போனது.

மதுக்கடையில் எதிரணி சொல்லிச் சிரித்தபோதுதான் பெரிக்ரினுக்கு விஷயம் தெரிந்தது. மூன்று வருஷக் கழகத்தை அங்கேயே கலைத்துவிட்டு எனோக்கின் சட்டையைப் பிடித்தான்.

"கையில தட்டினதப் பாத்தியாடா?"

"பாத்தேன்."

"அப்ப ஏண்டா சொல்லல?"

"இப்பத்தானே கேக்கறீங்க, துரை."