முடிசூட்டு நாளில் அடித்த மேளம்

மே பன்னிரண்டாம் தேதித் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். நாள்காட்டி அச்சடிக்கிறவர்களுக்குத் தாளின் கீழே கொஞ்சம் இடம் மிஞ்சினால் போதும், அன்றைக்கு யார் பிறந்தார், யார் போனார், எந்தக் கோட்டை விழுந்தது என்று நிரப்பிவிடுவார்கள். இந்தத் தேதியில், விளக்கை ஏந்திப் போய் நோயாளிகளைப் பார்த்த நைட்டிங்கேல் சீமாட்டி பிறந்தது ஒரு வரி. 1937-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டியது இன்னொரு வரி. சுதந்திரம் வந்த மறு வருஷம் பார்த்தேன், இரண்டாவது வரியைக் காணோம். முடிசூட்டிய அதே நாளில் என் மனைவியின் தாய்வீடான விழுப்புரத்தில் என் மகள் அம்சா பிறந்ததையும், எங்கள் ஊர் திண்டிவனத்தில் தாண்டவராயர் செத்ததையும் அவர்கள் என்றைக்குமே போட்டதில்லை.

தாண்டவராயர் பெரிய மிராசுதார். தங்கமான மனுஷர் என்று சொல்ல ஆசைதான். செத்தவரைப் பற்றி வேறெப்படிப் பேசுவது? ஆனால் தன் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், ஓர் ஆடு வாய் வைத்தால், ஆட்டுக்காரன் வம்சத்தையே ஒரு வாரம் விடாமல் திட்டுவார். அவருடைய ஒரே மகன் அரங்கநாதன் யாரையும் திட்டமாட்டான். அவனுக்கு வேண்டியது பெயருக்கு முன்னால் 'ராவ் சாகிப்' என்ற பட்டம், அவ்வளவுதான். அதற்காகத் துரைமார் வீட்டு நாய்க்குக்கூட நமஸ்காரம் சொல்லிக்கொண்டிருந்தான். முடிசூட்டு விழாவுக்கு ஊரில் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மன்னர் படத்தைப் பெரிதாக வரைந்து, மாட்டு வண்டியில் நிறுத்தி, ஊர்வலம் முடியும்வரை அது கவிழாமல் பிடித்துக்கொண்டு வருவது என் தேசப்பணி.

அன்று காலை வண்டிக்காக அரங்கநாதன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கால் வைத்ததும் உள்ளறையிலிருந்து "அப்பா" என்று ஒரு பெண் குரல் கேட்டது; உடனே அறுந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் தாண்டவராயர் வாய் திறந்து கிடந்தார். விடியும்போதே உயிர் போய்விட்டதாம். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் அஞ்சம்மாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு முதல் ரயிலில் அப்போதுதான் வந்திருந்தாள். அவள் வாயைத் தம்பி அரங்கநாதன் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

"அக்கா, சத்தம் போடாத. கலெக்டர் தொரை வர்றாரு. தீட்டுன்னு தெரிஞ்சா ராஜா படத்துக்கு நான் மாலை போட முடியுமா? நாளைக்கிக் காலைல செத்தாருன்னு சொல்லிக்கலாம்."

அவள் கையைத் தட்டிவிட்டாள். "அவரு இன்னிக்கிச் செத்துட்டாருடா. நாளைக்கி வந்து அழுவறதுக்கு நான் இன்னா கூலிக்கா அழுவுறேன்?"

"ஒரு நாள்தானே அக்கா!"

"வருசா வருசம் திதி குடுக்கணுமே, அதையும் தப்பு நாள்லதான் குடுப்பியா? பெத்தவருக்கு அவரு செத்த நாளுகூடச் சொந்தமில்லையா?"

"அவரு வந்து கேக்கப் போறாரா?" என்றான் அரங்கநாதன். அவளை வெளியே இழுத்து, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். பள்ளிக்கூடக் கமிட்டிக்கும் அவன்தான் தலைவன் என்பதால் எனக்குக் கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை. மே மாத வெயிலில், இன்னும் சாகாதவர்போல நாளை வரைக்கும் கிடக்க அந்த உடம்பு ஒத்துக்கொள்ளுமா என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

அஞ்சம்மாள் அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கொல்லைப்புறம் போனாள்; வண்டியும் அங்கேதான் நின்றதால் நானும் போனேன். அங்கே ஊர்வலத்துக்கு வந்த மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மண்ணாங்கட்டி என்பவன். ஊரில் கல்யாணமானாலும் சாவானாலும் அவன் அடிதான். எது நடக்கிறது என்பது இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கும் அடியைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

"மண்ணாங்கட்டி, அப்பா பூட்டாரு. இவன் மறைக்கறான். நீ இன்னிக்கிச் சாவு அடிதான் அடிக்கணும்."

அவன் பறையைத் திருப்பி நெருப்பில் காட்டினான். "ஐயா என் தோலை உரிச்சிடுவாரும்மா."

"நான் சொன்னேன்னு சொல்லு."

"சரிங்கம்மா. சாவு வுழுந்த வூட்டு ஆளை முன்னால வுட்டுக்கினு கல்யாண அடி அடிக்க எனக்கும் கை வராது" என்றான்.

ஊர்வலம் புறப்பட்டது. லண்டனில் மன்னர் அந்நேரம் பல்கூட விளக்கியிருக்க மாட்டார். இங்கே நாங்கள் முடிசூட்டக் கிளம்பிவிட்டோம். பெரிய தெரு முனையில் பந்தல் போட்டுத் துரையை உட்கார வைத்திருந்தார்கள். அரங்கநாதன் சரிகைத் தலைப்பாகையும் கையில் ரோஜா மாலையுமாக முன்னே நடந்தான்.

மண்ணாங்கட்டி அடித்தான். முதல் அடியிலேயே தெரு திடுக்கிட்டது. மிட்டாய் வாங்க நின்ற பிள்ளைகளை அம்மாக்கள் உள்ளே இழுத்தார்கள். ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். செத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதலில் அழுதுவிட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் மரியாதை. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மன்னர் வண்டிக்கு முன்னால் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். படத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். துரையோ முழங்காலில் விரலால் தாளம் போட்டார்.

அரங்கநாதன் மேளக்காரர்களிடம் ஓடினான். "டேய், இன்னாடா அடிக்கற?"

"சாவு அடிங்க, ஐயா."

"யாருடா செத்தாங்க?"

"அத நீங்கதான் சொல்லணுங்க" என்றான் மண்ணாங்கட்டி. கை நிற்கவில்லை.

அரங்கநாதன் அவன் குச்சியைப் பிடுங்கக் கை நீட்டினான். அதற்குள் துரை கூப்பிட்டார். ஜனங்கள் ஏன் அழுகிறார்கள் என்று கேட்டார். "பக்தி, துரை! மன்னர்மேல் வைத்த பக்தி. எங்கள் பக்கத்தில் சந்தோஷம் அதிகமானால் இப்படித்தான்" என்று இங்கிலீஷில் அளந்தான். துரை நெகிழ்ந்துபோனார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் மட்டும் ஏன் அழவில்லை?" என்றார்.

ராவ் சாகிப் பட்டம் ஒரு சொட்டுக் கண்ணீர் தூரத்தில் நின்றது. அவன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்தான். முதலில் நல்ல நடிப்புதான். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்கலாம் என்று நானே நினைத்தேன். ஆனால் மேளம் விடவில்லை, ஒப்பாரியும் விடவில்லை. அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. மாலை கையிலிருந்து நழுவிப் புழுதியில் விழுந்தது. "அப்பா" என்று ஒரு சத்தம் அவன் அடிவயிற்றிலிருந்து வந்தது. அவன்மேல் அதுவரை இருந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சம்மாள் வந்தாள். தலைப்பாகையைக் கழற்றி, குனிந்திருந்த அவன் தலையில் கை வைத்தாள்.

"இங்க யாருடா இருக்கா, இங்க நின்னுக்கினு அழுவற? அப்பா வூட்ல தனியாக் கெடக்காரு. வா."

அவன் துரையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் பின்னாலேயே நடந்தான். மேளம் அவர்கள் பின்னால் திரும்பியது. மேளத்தின் பின்னால் போய்ப் பழகிய மாடுகள் என்னையும் சக்கரவர்த்தியையும் இழுத்துக்கொண்டு அதே பக்கம் திரும்பின. ஒன்றும் புரியாத துரை, இதுவும் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

வீட்டு வாசலில் மேளம் நின்றது. அஞ்சம்மாள் பூட்டைத் திறந்து உள்ளே போய், அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை அவள் வாயை யாரும் பொத்தவில்லை.