அடுப்பு நிற்கும் கல்

“பளபளப்பு வேண்டவே வேண்டாம் மேஸ்திரி. நல்லா சொரசொரப்பா இருக்கறதக் காட்டுங்க. இல்லன்னா கிளம்பிப் போயிடுது.”

“எதும்மா?”

“அடுப்புதான்.”

“எங்க போகுது?”

“எங்க மாமனார் ரூம் வாசலுக்கு.”

“அவரு கூப்பிடறாரா?”

“அவரு தவறி ஒரு வருஷமாகுது.”

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு மாதிரிக் கற்களைத் தரையில் பரப்பினார். அவர் வேலை பார்த்த வேறொரு வீட்டில் ஒவ்வொரு மழைக்கும் மாடிக்கு ஒரு படி கூடிக்கொண்டே போனது. அதற்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அடுப்பு நடப்பதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அது என்ன எடை இருக்கும் என்று மட்டும் கேட்டார்.

கூடத்தைச் சூடாக்கும் நாலு கால் இரும்பு அடுப்பு அது. அந்த மருமகளின் வீட்டுக்காரர் தையல்காரர். எதைக் கேட்டாலும் “அப்புறம்” என்பார் என்பதால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவரிடம் துணி கொடுத்தவர்கள், சட்டை கைக்கு வருவதற்குள் ஒரு சுற்று பெருத்திருப்பார்கள். போன குளிர்காலத்தில், படுக்கையோடு கிடந்த அவருடைய அப்பா, “அடுப்பக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வையேன்டா” என்று கேட்டார். மகன் கையில் பாதி தைத்த கோட்டு இருந்தது. “அப்புறம்ப்பா” என்றார். அந்த வாரமே கிழவர் போய்விட்டார். மகன் அறையைப் பூட்டி, சாவியை அளவு நாடாவின் நுனியில் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை அடுப்பு பூட்டிய கதவை ஒட்டி நின்றது. புகைக்குழாய் வேண்டிய மட்டும் நீண்டு அதன் கூடவே வந்திருந்தது. இழுத்து வந்து பழைய இடத்தில் வைத்தால் குழாயும் ஒழுங்காகச் சுருங்கிக்கொண்டது. விடிந்தால் மறுபடி கதவடியில் நின்றது.

கோடையில் நெருப்பில்லாமல் சும்மா இருந்தது. குளிர் திரும்பியதும் அதுவும் புறப்பட்டது. பலகைத் தரை நெடுக அதன் கால் தடங்கள் கருகிக் கிடந்தன. தாத்தா போன பிறகு பிறந்த குழந்தை இப்போது தவழ ஆரம்பித்திருந்தது. கருகிய தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே அடுப்பின் பின்னால் போனது. மருமகள் ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டாள். சாம்பல் துடைக்கச் சுலபம் என்று தையல்காரர் அடுப்புக்கு அடியில் பளபளப்பான டைல்ஸ் போட்டார். அன்றைக்கு அடுப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள்.

மேஸ்திரி முதலில் பூசாத செங்கல் பாவிப் பார்த்தார். அடுப்பு அதைத் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்கிவிட்டு நடந்தது. பிறகு உளியால் கொத்திய கருங்கல்லைப் போட்டார். அதன் குழிகளில் நாலு கால்களும் பல் பதிந்தாற்போல் உட்கார்ந்தன. அடுப்பு நின்றது. மருமகள் குழந்தையைத் தைரியமாகத் தரையில் விட்டாள்.

ஆனால் நின்ற அடுப்பு சுடவில்லை. விறகு செக்கச் செவேலென்று எரிந்தது. மேலே வைத்த பால் வைத்தபடியே இருந்தது. இரும்பில் கை வைத்தால் தண்ணீர்க் குடத்தைத் தொட்டாற்போல் ஜில்லென்றிருந்தது. தையல்காரர் வெட்டிய துணியில் மிஞ்சியதையெல்லாம் சேர்த்துக் குழந்தைக்குச் சட்டைமேல் சட்டையாகத் தைத்துப் போட்டார். அவர் அப்புறம் என்று சொல்லாமல் தைத்த முதல் துணிகள் அவைதான். குழந்தையின் உதடு அப்படியும் நீலமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி மறுபடி வந்தார். அடுப்பில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“கல்லுல குறை ஒண்ணும் இல்லம்மா. இடம்தான் அதுக்குப் பிடிக்கல.”

மருமகள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு மூடிய கதவைக் காட்டி, “இதே கல்லு, இதே சொரசொரப்பு, அந்த ரூமுக்குள்ள போட்டா நிக்குமா?” என்றாள்.

“நிக்கும். சுடவும் சுடும். உள்ள அளவெடுக்கணுமே.”

இருவரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கழுத்து நாடாவின் நுனியில் சாவி தொங்கியது. கல்லின் மேல் அடுப்பு கதவுப் பக்கமாக லேசாகச் சாய்ந்தது.

“ஏங்க, பாப்பா தொட்டிலையும் அங்கயே போட்டுக்கலாம்,” என்று கையை நீட்டினாள் அவள். “சாவியக் குடுங்க.”