சேலைக் கடையில் கூட்டம்

பதுளையில் வைரவநாதன் முதலாளியின் சேலைக் கடை இரண்டு கதவு அகலம்தான். தீபாவளி யாவாரத்துக்கென்று அதற்குள் பன்னிரண்டு பெண்களை வேலைக்கு வைத்தார். அதில் எட்டுப் பேர் அவர் மனைவியின் சொந்தக்காரர்கள். வேண்டாமென்றால் வீட்டில் அவருக்குச் சோறு கிடைக்காது. விளம்பரமாக இருக்கட்டுமென்று எங்கள் எல்லோரையும் கடைச் சேலையையே கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்.

கடைசியாகச் சேர்ந்தவள் நான், சிவசக்தி. அப்பா காலை உடைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் கிடந்தார். இந்த வேலை போனால் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை.

தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் பசறை பஸ்களில் சனம் வந்து இறங்கியது. எங்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்ப்பார்கள். "யம்மாடி, நிக்க எடமில்ல!" என்று எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். உள்ளே நின்றதெல்லாம் நாங்கள்தான்!

மத்தியானம்தான் முதலாளிக்கு உறைத்தது. ஆளைக் குறைக்க வேண்டும். சொந்தக்காரர்களைப் பார்த்தார். மனைவி முகம் நினைவுக்கு வந்திருக்கும். பார்வை என்னிடம் வந்து நின்றது.

"நீ தீபாவளி கழிச்சு வாம்மா."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் பற்றிக்கொண்டு வந்தன. கட்டியிருந்த சேலையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, என் பழைய சுடிதாரோடு வெளியே வந்தேன். எதிரே மாரியாயி அக்கா. எங்கள் லயத்துப் பெண்கள் மொத்தப் பேரும் பின்னால். அக்கா சேலை எடுக்கும் கடையில்தான் அவர்களும் எடுப்பார்கள்.

"ஏன் புள்ள அழுவுற?"

"ஆளு கூடிப்போச்சாம்க்கா. என்னைய நிப்பாட்டிட்டாங்க."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றே சத்தம் போட்டார். "மொதலாளி! எங்க புள்ள எடுத்துக் காட்டுனாத்தான் நாங்க சேல வாங்குவோம். மொதல்ல உள்ள நிக்கிறவங்களுக்கு சாமானக் குடுத்து அனுப்புங்க!"

"அவங்க வாங்க வந்தவங்க இல்லம்மா. வேலை செய்றவங்க."

"இத்தன பேருமா? அப்ப வாங்குறவங்க எங்க நிக்கிறது?"

முதலாளி என்னை உள்ளே வரச் சொன்னார். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, பக்கத்து ஜௌபர் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். குடித்துவிட்டு அவர்கள் திரும்பியபோது வாசலிலேயே மறித்து, வடைக்குக் காசு கொடுத்து மறுபடி அனுப்பினார். மிச்சமிருந்த நாங்கள் நாலு பேரும் மூச்சுவிடாமல் சேலை விரித்தோம். பொழுது சாயும்போது பாதி அலுமாரி காலி.

"நாளைக்கு வெள்ளனவே வந்துரும்மா," என்றார் முதலாளி. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்ப அவங்க எட்டுப் பேரும்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்களும் வருவாங்க. ஜௌபர வடை கூடுதலா போடச் சொல்லிட்டேன். எங்க வீட்டுல மட்டும் சொல்லிறாதம்மா."