அமீருதீன் கோத்த ஆறு வரி

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் எங்கள் விரல்கள் கறுத்துவிடும். முதல் நாள் அடித்து முடித்த, எழுத்துகளைச் சட்டத்தில் இறுக்கிய பாரத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மரப்பெட்டியில் அதனதன் அறையில் போட்ட பிறகுதான் அன்றைய வேலை தொடங்கும். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் வெள்ளத்துரை அச்சகம். ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடை, மூடினால் மண்ணெண்ணெய் வாடை. வேலை முழுவதும் நின்றுகொண்டுதான். சவரிநாதனாகிய நான் அங்கே பதினான்கு வருடமாக அச்சுக் கோத்தேன். சாயங்காலமானால் என் கணுக்கால் இரண்டும் வீங்கிப் போயிருக்கும்.

அது எழுபத்தொன்றாம் வருடம், ஐப்பசி மாதம். கிழக்கு வங்காளத்தில் உள்நாட்டுப் போர் மூண்டு ஏழு மாதமாகியிருந்தது. அங்கே மனிதர்கள் சாகச் சாக, இங்கே எங்கள் முதலாளிக்குக் காகிதம் ரீம் ரீமாகத் தீர்ந்தது. அகதிகளுக்கு அரிசி கேட்டு ஒரு நோட்டீஸ், கண்டனக் கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸ். அந்தக் கட்சியைக் கோழை என்று திட்டி இந்தக் கட்சி ஒன்று போடும், மறுநாளே அதற்குப் பதில் வரும். இரண்டும் எங்களிடம்தான் அச்சாகும். எல்லாவற்றிலும் பாகிஸ்தான் என்ற பெயர் வருவதால் ‘ஸ்’ எழுத்து கிடக்கும் அறை பத்து மணிக்கே காலியாகிவிடும். தீர்ந்துபோனால் தலைப்புக்கு வைத்திருக்கும் தடித்த எழுத்தை எடுத்துச் சொருகிவிட்டு மேலே போவோம்.

கோக்கிறவர்கள் மூன்று பேர். நான், அமீருதீன், முதலாளியின் ஊர்க்காரனும் தூரத்து மருமகனுமான முப்பிடாதி. மிதி மெஷினில் லூயிஸ். அவனுக்கு எழுத்து தெரியாது. மசி சமமாக விழுந்ததா என்று மட்டும் பார்ப்பான். தாள்களை மடித்துக் கட்டுகிறவள் தங்கபுஷ்பம்.

அவசர வேலையென்றால் முதலாளி எழுதி வந்த மேட்டரைக் கத்தரிக்கோலால் வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். எல்லா அச்சகத்திலும் உள்ள வழக்கம்தான். மூன்று பேர் மூன்று துண்டைக் கோத்தால் சீக்கிரம் முடியும். கம்போசிடர் எதையும் வாசிக்க மாட்டான். கண் எழுத்தைப் பார்க்கும், கை அறைக்குப் போகும். பொருள் தேடினால் வேகம் குறையும். ‘நாங்க படிக்கிறவங்க இல்லே, பொறுக்கறவங்க’ என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். வெட்கங்கெட்ட பெருமை அது.

அந்த வியாழக்கிழமை எனக்கு வந்த துண்டில், கப்பலிலிருந்து இறக்காத அரிசி மூட்டை மழையில் நனைகிறது என்று ஏழு வரி இருந்தது. தனியாகப் பார்த்தால் ஒரு குற்றமும் இல்லாத வரிகள். அமீருதீனுக்கு ஆறு வரி. மிச்சம் முப்பிடாதிக்கு. புரூஃபை முதலாளியே எடுத்துத் தன் அறைக்குள் கொண்டுபோய்த் திருத்தினார். லூயிஸ் இரண்டாயிரம் அடித்தான்.

திங்கட்கிழமை காலை அமீருதீன் வந்து தன் இடத்துக்குப் போகாமல், பாரம் இறுக்குகிற கல்லின் மேல் கசங்கிய தாள் ஒன்றை விரித்தான். தாளில் ரத்தம் காய்ந்து போயிருந்தது.

“இத்த படி சவரி. சத்தமா படி.”

படித்தேன். உண்மையில் நடந்தது இது: துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையை எடுத்திருந்த காண்டிராக்டர், பன்னிரண்டு பேர் தூக்கிய சரக்கை எட்டுப் பேர் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் அமீருதீனின் தம்பி சௌக்கத் அலியும் ஒருவன். நோட்டீஸ் வேறு கதை சொன்னது. அகதிகளுக்கான அரிசியை இறக்கவிடாமல் தடுப்பவர்கள் துறைமுகத்து முஸ்லிம்களாம். ‘இவர்கள் தின்பது இந்த மண்ணின் சோறு, மனம் இருப்பது பாகிஸ்தானில்’ என்றது. வேலைநிறுத்தம் இரண்டாக உடைந்தது. சனிக்கிழமை கேட்டருகே கல் பறந்தது. சௌக்கத் அலிக்கு இடது கண் போய்விட்டது.

“அந்த ‘ஸ்’ஸப் பாரு. தடியா கீதே. நான் வெச்சது,” என்றான் அமீருதீன். “என் தம்பி கண்ண நோண்டினதுல ஆறு வரி என்து. ஆஸ்பத்திரியில என் பொஞ்சாதி அஜீசுன்னிசா படிச்சுக் காட்டச் சொல்றா. அவகிட்ட நான் இன்னான்னு படிப்பேன்?”

மூட்டை நனைகிறது என்று நான் கோத்த ஏழு வரிக்குக் கீழேதான் அவன் வரிகள் தொடங்கின. என் கையையே வெறுத்தேன்.

அந்த நேரம் பார்த்து வெள்ளத்துரை உள்ளே வந்தார். ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் மூன்று துண்டுகள். ஆளுக்கு ஒன்றாக நீட்டிவிட்டு, “பத்து மணிக்குள்ள வேணும். ஜோலியப் பாருங்க,” என்று அறைக்குள் போய்விட்டார்.

அமீருதீன் தன் துண்டைக் கல்லின் மேல் வைத்தான். நான் என்னுடையதை அதன் பக்கத்தில் பொருத்தினேன். முப்பிடாதி கொஞ்சம் யோசித்தான், பிறகு அவனும் வைத்தான். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மேட்டரைக் கோப்பதற்கு முன்னால் முழுதாகப் படித்தேன். உளவாளிகள் குடியிருக்கும் வீடுகள் என்று போட்டு, மரக்கிடங்குச் சந்தின் ஐந்து கதவு எண்கள் இருந்தன. மூன்றாவது எண் அமீருதீனின் வீடு. அவன் குடும்பம் குடியிருப்பது அங்கேதான்.

பாரத்தை இறுக்கும் மரக் கொட்டாப்புளியை அமீருதீன் கையில் எடுத்தான். பொய் சொல்வானேன், நான் தடுக்கவில்லை. அந்த மண்டை உடைகிற சத்தத்தைக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தங்கபுஷ்பம்தான் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மண்டையப் பொளந்தா துலுக்கன் வெட்டிட்டான்னு அதுக்கும் ஒரு நோட்டீஸ் போடுவானுங்க. உன் வூட்ட கொளுத்த அது போதும் அண்ணா. அந்தாளு பேரே போடாம ஒளிஞ்சிகினு கீறான். அவன் பேர ஊருக்குச் சொல்லு, அதான் அவனுக்கு அடி.”

அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். எந்த நோட்டீஸ் அடித்தாலும் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் போட வேண்டும், சட்டம் அது. ரத்தக்கறை பட்ட அந்தத் தாளின் அடியில் ஒன்றுமே இல்லை.

சத்தம் கேட்டு வெள்ளத்துரை வெளியே வந்தார். “என்ன, எல்லாரும் கூடி நிக்கிய?”

“இத்த எழுதனது யாரு மொதலாளி?” என்றான் அமீருதீன்.

“எவன் எழுதுனா ஒனக்கென்ன? நான் அச்சடிக்கவன். கல்ல எறிஞ்சது நானா?”

“என் தம்பி கண்ணு பூட்ச்சு.”

“வருத்தந்தான். ரெண்டு நாளு லீவு எடுத்துக்க.”

“அடியில அச்சகத்துப் பேரு இன்னாத்துக்குப் போடல?” என்று நான் கேட்டேன்.

“காண்டிராக்டர் வேண்டாம்னாரு, போடல. பெரிய எடம்டே அது, பாத்துப் பேசு.”

“துண்டெல்லாம் உங்க கையெழுத்துல கீது மொதலாளி,” என்றான் அமீருதீன்.

காண்டிராக்டரின் கையெழுத்து வெளியே தெரியக் கூடாதென்று இந்த மனிதரே உட்கார்ந்து நகலெடுத்திருக்கிறார். அவர் முகம் வெளிறியது. கல்லை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் தங்கபுஷ்பம் மூன்று துண்டையும் வாரி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இப்ப எடு பாக்கலாம்,” என்றாள்.

வெள்ளத்துரை மருமகனைப் பார்த்தார். “ஏலே முப்பிடாதி, நீயாவது ஸ்டாண்டுக்குப் போ.”

“நான் கோக்க மாட்டேன் மாமா.”

“ஒனக்குக் கஞ்சி ஊத்துறது யாரு?”

“இந்தக் கைதான் மாமா,” என்று கறுத்த விரல்களை விரித்துக் காட்டினான் முப்பிடாதி. இடத்தை விட்டு அசையவில்லை.

“போலீசோட வாரேன். ஒருத்தனும் மறுபடி இந்தக் கொட்டகையில கால் வைக்க முடியாது,” என்று குடையைக்கூட எடுக்காமல் வெள்ளத்துரை வெளியேறினார்.

உள்ளே தாழ் போட்டோம். அமீருதீன் எழுத்து கோக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்தான். அவன் அவ்வளவு மெதுவாகக் கோத்து நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோத்தான். அடிவரியை நான் கோத்தேன். ‘அச்சிட்டவர்: வெள்ளத்துரை, வெள்ளத்துரை அச்சகம், ராயபுரம்.’ எங்களிடம் இருந்ததிலேயே பெரிய எழுத்தில் கோத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் வைக்கும்போது மனசு குளிர்ந்தது.

“நம்ம பேரு?” என்று முப்பிடாதி கேட்டான்.

“போடு,” என்றான் அமீருதீன். “மொதல்ல என் பேரப் போடு.”

பாரத்தை மெஷினில் ஏற்றியதும் லூயிஸ் மிதியில் கால் வைக்காமல் நின்றான்.

“போன தபா இன்னான்னு தெரியாமலே ரெண்டாயிரம் அட்ச்சேன். இத்த படிச்சுக் காட்டு. அப்பாலதான் மிதிப்பேன்.”

படித்துக் காட்டினேன்.

‘சௌக்கத் அலியின் கண்ணைப் பறித்த நோட்டீசைத் தந்தவர் துறைமுகக் காண்டிராக்டர். மூட்டை நனைவது எட்டுப் பேரைப் பன்னிரண்டு பேரின் சுமையைத் தூக்கச் சொன்னதால். கோத்தவர்கள் அமீருதீன், சவரிநாதன், முப்பிடாதி. அடித்தவர் லூயிஸ். மடித்தவர் தங்கபுஷ்பம். வாசிக்காமல் செய்தோம். அடுத்த நோட்டீசை வாசித்தோம், நிறுத்தினோம். வெள்ளத்துரை கைப்பட எழுதியது எங்களிடம் இருக்கிறது.’

லூயிஸ் மிதிக்க ஆரம்பித்தான். முக்கால் மணி நேரத்தில் அறுநூறு தாள் விழுந்தது. மசி காயாத தாள்களை வேட்டியிலும் புடவையிலும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தோம். போலீஸ் வந்தபோது கொட்டகையில் யாரும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பகல் ஷிப்டு மாறும் நேரத்தில் துறைமுக கேட்டில் நின்றோம். தூறல் போட்டது. முதலில் வாங்கியவர்கள் படித்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருவன் அமீருதீனின் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினான். ‘கோத்தவனே நோட்டீஸ் குடுக்க வர்றான் பார்’ என்று இன்னொருவன் சொன்னான். அமீருதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குத் தாளை நீட்டினான்.

கொஞ்ச நேரத்தில் கும்பல் கூடியது. ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். வெள்ளத்துரையின் பெயர் வாய்க்கு வாய் போனது. காண்டிராக்டரின் மேஸ்திரி ஆபீஸ் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அதைப் பார்த்து எனக்குக் கெட்ட சந்தோஷம் வந்தது. வரட்டுமே.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாட்டசாட்டமான ஆள் ஒருவன் வந்தான். கழுத்தில் ஜெபமாலை. தன் பெயர் அம்புரோஸ் என்றான். சௌக்கத் அலியோடு ஒரே செட்டில் மூட்டை தூக்குகிறவனாம்.

“அந்தக் கல்லு என் கையிலேர்ந்துதான் போச்சு,” என்றான். “அந்த நோட்டீஸ நம்பிக்கினு எறிஞ்சேன்.”

அமீருதீன் அவன் கையையே பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. நான் நடுவில் போய் நின்றேன். என்னைத் தள்ளிவிட்டு அமீருதீன் அவன் எதிரே போனான்.

“என் தம்பி கண்ணுக்கு நீ பதில் சொல்லணும். உன்ன நான் உட மாட்டேன்.”

“உடாதே,” என்றான் அம்புரோஸ். தலை குனியவில்லை. கண் கலங்கியிருந்தது.

“அத்த அப்பால பேசிக்கலாம்.” அமீருதீன் தன் மார்போடு அணைத்திருந்த கட்டைப் பிரித்துப் பாதியை அவன் கையில் திணித்தான். “மொதல்ல இத்த அந்தப் பக்கத்து கேட்டுக்கு எடுத்துகினு போ. ஜல்தி.”

அம்புரோஸ் தாள்கள் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். பின்னாலேயே நாலைந்து பேர் ஓடினார்கள்.